தர்மவதி தன் காருக்கு ப்ளூடூத் வைத்தது

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக எழும்பிய தெருக்களில், தர்மவதியைப் பார்த்துச் சிரிக்கும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. சிரித்தால் அவள் திருப்பிச் சிரிக்க மாட்டாள். "இப்ப எதுக்கு சிரிச்சீங்க?" என்று கேட்பாள். பதில் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் அந்தத் தெருவில் நான்கைந்து பேர் இருக்கிறார்கள்.

அறுபத்து நான்கு வயது. ஒல்லி. காதில் சின்னத் தோடு, கையில் ஆண்கள் கட்டுகிற கடிகாரம். தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்து நான்கு வருடம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், போன் வேலை செய்யவில்லை என்று புகார் வந்த வீடுகளுக்குப் பையை மாட்டிக்கொண்டு போவாள். கதவைத் திறப்பவர் அவளைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்ப்பார். "ஆளு வரலையா?" என்பார். "நான்தான் ஆளு" என்று உள்ளே போய், பத்து நிமிடத்தில் சரிசெய்து, ரிசீவரை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவாள். இத்தனை வருடம் பார்த்த பார்வை, ஓய்வு பெற்ற பிறகும் முகத்தை விட்டுப் போக மறுத்துவிட்டது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசியாகப் பெண் பார்க்க வந்தவர் வந்தவாசிப் பக்கம் நல்ல நிலபுலம் உள்ளவர். "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுடுவீங்க இல்ல?" என்றார். "நீங்க எப்ப விடறதா இருக்கீங்க?" என்று கேட்டாள் தர்மவதி. மறுநாளே ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதுவரை பொருந்தியிருந்த ஜாதகம்தான்.

தங்கை த்ரிசலா ஐந்து வயது இளையவள். ஆரணியில் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியையாக இருந்தவள். புருஷன் தவறிப்போய், ஓய்வும் பெற்ற பிறகு, சென்னையில் இருக்கும் மகன் ஜினேஷின் வீட்டுக்குப் போகாமல் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் நம்புவது கஷ்டம். அக்கா ஒரு நாளைக்குப் பேசுவதைத் தங்கை பல் விளக்குவதற்குள் பேசி முடித்துவிடுவாள்.

போன மாசியில் த்ரிசலாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. வேலூரில் அறுவை செய்து எடுத்தார்கள். புண் ஆறியதும் இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு வைக்க வேண்டும், சனி ஞாயிறு தவிர தினமும் வர வேண்டும் என்றார்கள்.

"வேலூர்லயே ஒரு ரூம் எடுத்து தங்கிடுங்க பெரிம்மா. தினம் நாலு மணி நேரம் வண்டியில எதுக்கு?" என்று ஜினேஷ் போனில் யோசனை சொன்னான். யோசனை சொல்வதில் அவன் கெட்டிக்காரன்.

"தங்கி?"

"சாப்பாடெல்லாம் வெளிய பாத்துக்கலாம்."

"பொழுது சாயறதுக்கு முன்ன, கிழங்கு வெங்காயம் பூண்டு இல்லாம, ஜைனச் சாப்பாடு எவன்டா வெளிய சமைச்சு வெச்சுக்கினு நமக்காக காத்துக்கினு இருக்கான்? உங்கம்மா ஏற்கெனவே பாதியா இளைச்சு கெடக்கறா. மீதியும் போவட்டும்னு சொல்றியா?"

ஜினேஷ் பேச்சை மாற்றினான். அப்படித்தான் தர்மவதியின் மாருதி எண்ணூறு, இருபத்து நான்கு வயதில், தினம் வேலூர் போய்வரும் உத்தியோகத்தில் சேர்ந்தது.

காலை எட்டரைக்குக் கிளம்பினால் போளூர், சந்தவாசல், கண்ணமங்கலம் தாண்டிப் பத்தரைக்கு வேலூர். கதிர் வைப்பது பத்து நிமிடம்கூட இல்லை. அதற்குக் காத்திருப்பது இரண்டு மணி நேரம். நாலு மணிக்குள் வீடு. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. த்ரிசலாவுக்கும் முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. தர்மவதிக்குத்தான் காது வலி வந்துவிட்டது.

வேங்கிக்காலில் வண்டி கிளம்பும்போது த்ரிசலா வாயைத் திறந்தால் வேலூர்க் கோட்டை தெரியும்வரை மூடுவதில்லை. புருஷன் வீட்டு ஆட்கள் அறுவையின்போது யார் வந்தார்கள், யார் வரவில்லை, வந்தவர்களில் யார் ஆரஞ்சு வாங்கி வந்தார்கள், யார் வெறுங்கையோடு வந்து ஆரஞ்சைத் தின்றுவிட்டுப் போனார்கள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. தன் உடம்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. நாலாவது நாள் தர்மவதி பொறுமை இழந்தாள்.

"அந்த ஆரஞ்ச இன்னும் எத்தினி நாளைக்கு உரிச்சுக்கினே வருவ?"

"பேசாம வந்தா என்னென்னவோ நெனப்பு வருதுக்கா."

தர்மவதி கியரை மாற்றினாள். "நீ போன்ல கதை கேப்ப இல்ல, அத போடு" என்றாள்.

த்ரிசலா போட்டாள். ஊட்டிப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் நடக்கும் கொலைகளைப் பற்றிய கதை. யாரோ ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாகம் பாகமாகப் படிக்கிறார். ஆனால் எண்ணூறில் ஜன்னலை இறக்கிவிட்டு ஐம்பதில் போனால், பக்கத்தில் இருப்பவர் கத்தினாலே கேட்காது. போன் எந்த மூலை? பங்களாவில் முதல் பிணம் விழுந்தது யாருக்கும் தெரியாமல் போயிற்று.

வண்டியில் ஒரு பழைய கேசட் செட் இருந்தது. ரேடியோ பாடும். கேசட் மட்டும் பத்து வருடத்துக்கு முன் உள்ளே போனது, வெளியே வரவில்லை. விஷயத்தைக் கேள்விப்பட்ட ஜினேஷ், கூரியரில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாமான் அனுப்பினான். சிகரெட் பற்றவைக்கும் துளையில் அதைச் செருகினால், போனில் ஓடுவதைப் பிடித்து ரேடியோ அலையாக விடுமாம், செட்டில் அந்த அலைவரிசையை வைத்தால் கேட்குமாம்.

கேட்டது. கலசபாக்கம் வரை கேட்டது. அதற்குப் பிறகு சோளம் பொரிவது போல ஒரு சத்தம். போளூர் தாண்டியதும் எங்கிருந்தோ ஒரு நிஜ ரேடியோ நிலையம் அதே அலைவரிசையில் ஏறிக்கொண்டது.

"கத்தியில இருந்த ரேகைய பார்த்ததும் இன்ஸ்பெக்டரோட முகம் மாறிச்சு. ஏன்னா அந்த ரேகை..." என்றது கதை.

"...நிலக்கடலையில் சுருள்பூச்சித் தாக்குதல் தென்பட்டால் வேப்பங்கொட்டைக் கரைசலை மாலை வேளையில் தெளிக்கவும்" என்றது ரேடியோ.

த்ரிசலா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையல் போட்ட இடம் இழுத்து வலிக்க, "ஐயோ, ஐயோ" என்றபடி இன்னும் சிரித்தாள். தர்மவதி சிரிக்கவில்லை. சாமானைத் துளையிலிருந்து பிடுங்கி முன்பெட்டிக்குள் எறிந்தாள். அன்று மாலை ஜினேஷ் போனில், "வண்டியவே மாத்திடலாம் பெரிம்மா, நான் வாங்கித் தரேன்" என்றான்.

"வண்டி ஓடுது. நீ அனுப்பினதுதான் ஓடல" என்று வைத்துவிட்டாள்.

வேலூர் ரோட்டில் பரசுராமன் என்பவர் கார் அலங்காரச் சாமான் கடை வைத்திருந்தார். சீட் உறை, மினுக்கு விளக்கு, டாஷ்போர்டில் ஒட்டுகிற பிள்ளையார், கண்ணாடியில் தொங்குகிற எலுமிச்சம்பழம் எல்லாம் பிளாஸ்டிக்கில் கிடைக்கும். செங்கம் ரோட்டு ஆசிரமங்களில் வெளிநாட்டுக்காரர் கண்ணை மூடி உட்கார்ந்தால் தியானம் என்கிறார்கள். பரசுராமன் மத்தியானத்தில் கல்லாவுக்குப் பின்னால் அதையே செய்துகொண்டிருந்தபோது தர்மவதி போய் மேஜையைத் தட்டினாள்.

கண் விழித்தவர் அவளைத் தாண்டி வண்டியைப் பார்த்தார். வண்டியில் த்ரிசலாதான் இருந்தாள்.

"சார் வரலையாம்மா?"

தர்மவதியின் முகத்தில் அந்தப் பார்வை வந்து உட்கார்ந்தது. "எந்த சாரு?"

"இல்லம்மா, வண்டி ஓட்டறவரு..."

"ஓட்டினு வந்தவதான் நிக்கறேன். அந்த செட்டுல போன்ல வர்றது கேக்கணும். ஒயர் இல்லாம."

பரசுராமன் உற்சாகமானார். ஒரு டப்பாவைப் பிரித்து, சின்ன டிவி அளவுக்கு ஒரு திரையை எடுத்து மேஜைமேல் நிறுத்தினார். "ஒம்போது இன்ச்சு. ஆண்ட்ராய்டு. பாட்டு, மேப்பு, படம் எல்லாம் வரும்மா. டாஷ்போர்ட கொஞ்சமா அறுக்கணும், அவ்ளோதான்."

"படமா? ஓட்டறப்பவா?"

"நிறுத்தி வெச்சு பாக்கலாம்மா. ரிவர்ஸ் கேமராகூட இதுலயே வந்துரும்."

"என் வண்டி மொத்தமே இந்த ஸ்கிரீன் அளவுதான். கழுத்த திருப்புனா பின்னாடி இருக்கறது முழுசா தெரியுது. இத மாட்டுனா முன்னாடி தெரியாம போயிடும்." திரையைத் திருப்பி வைத்தாள். "இருக்கற செட்டுலயே, வால்யூமுக்கு முன்னாடி ஒரு லைன் சேத்து குடுக்க முடியுமா?"

பரசுராமன் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். "அதெல்லாம் ஆவாதும்மா. அரதப் பழசு. உள்ள கைய வெச்சா புகைஞ்சிரும்."

"உங்களுக்குப் புகையும்" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

"நீங்களே செஞ்சா எஞ்சின் சத்தம் உள்ள வரும்மா! அப்புறம் சொல்லலன்னு சொல்லாதீங்க!" என்று அவர் பின்னால் குரல் கொடுத்தார். பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம் விற்பவர் தனக்குச் சத்தத்தைப் பற்றிப் பாடம் எடுப்பதா என்று தர்மவதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை. செட்டைக் கழற்றிக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் பேப்பரை விரித்து வைத்தாள். தேரடித் தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் தபால்தலை அளவுக்கு ஒரு ப்ளூடூத் போர்டும், காரின் பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைக்கும் சின்னச் சில்லும் வாங்கியிருந்தாள். த்ரிசலா எதிரில் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அறுவை செய்த பக்கத்துக் கையைத் தலையணைமேல் வைத்தபடி, பேசிக்கொண்டே இருந்தாள்.

மூடியைத் திறந்ததும், உள்ளே மாட்டியிருந்த கேசட் வெளியே வந்தது. நாடா சுருண்டு, வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது.

"ஐயோ, இது நம்ம அப்பா காலத்து ஸ்தோத்திரம் இல்ல? எங்கயாவது குடுத்து காப்பி பண்ணி வெச்சுக்கலாம்க்கா."

"பூஞ்சைய எதுக்குக் காப்பி பண்ணணும்?" தர்மவதி அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ரேடியோப் பகுதியிலிருந்து வால்யூம் திருகுக்கு மெல்லிய சமிக்ஞை போகும் இடத்தை விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்தாள். அந்த வழியை வெட்டிவிட்டு, போர்டிலிருந்து வரும் கம்பிகளை அங்கே ஈயம் வைத்துப் பற்றவைத்தாள்.

"அப்ப இனிமே ரேடியோ வராதா?"

"வராது."

"நிலக்கடலைக்கெல்லாம் யாருக்கா மருந்து சொல்லுவாங்க?"

தர்மவதி பற்றவைக்கும் கோலை எடுத்துத் தாங்கியில் வைத்தாள். அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா என்று த்ரிசலாவுக்குத் தெரியவில்லை.

ஞாயிறு மாலை செட்டைத் திரும்ப மாட்டிச் சாவியை ஒரு கட்டம் திருப்பியதும், ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. சீனமா இங்கிலீஷா என்று இருவருக்கும் தெரியவில்லை. போனும் செட்டும் ஒட்டிக்கொண்டன. கதை சொல்பவரின் குரல், பின் சீட்டில் உட்கார்ந்து பேசுவது போல வந்தது. "புகை எங்க?" என்று தர்மவதி சத்தமாகவே கேட்டாள். பரசுராமன் இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தன் வீட்டில் இருந்தார்.

திங்கட்கிழமை எஞ்சினைக் கிளப்பியதும், குரலுக்கு அடியிலிருந்து ஒரு கொசு எழுந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அது வளர்ந்தது. நாற்பதில் கொசு. ஐம்பதில் வண்டு. அறுபதில் பல் டாக்டர் வைத்திருக்கும் துளைக்கும் கருவி. கதையில் இரண்டாவது பிணம் விழுந்ததும் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

"அந்தக் கடைக்காரர் சொன்னாரு இல்லக்கா, எஞ்சின் சத்தம் வரும்னு?"

கலசபாக்கத்திலிருந்து கண்ணமங்கலம் வரை தர்மவதி நாற்பதுக்கு மேல் மிதிக்கவில்லை.

அன்று மாலை எர்த் கம்பியை மாற்றினாள். செவ்வாய்க்கிழமை கொசு வந்தது. தடித்த கம்பி போட்டாள். புதன்கிழமை வந்தது. புதுப் போர்டு வாங்கி மாட்டினாள். வியாழக்கிழமையும் வந்தது. தன் கையின்மேல் அவளுக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. அது மற்றவர்களுக்கு வரும் வியாதி என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

வியாழக்கிழமை மருத்துவமனையில், கதிர் வைக்கும் அறைக்கு வெளியே, வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த ஒருவர், "மனசு தைரியமா வெச்சுக்கணும்ங்க. மனசுதான் எல்லாம்" என்றார்.

"அப்ப எதுக்கு இங்க வந்தீங்க? வீட்லயே மனச வெச்சுக்கினு இருக்கலாமே?" என்றாள். அவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போனார்.

அறைக் கதவு திறந்து த்ரிசலா வெளியே வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். அன்று திரும்பும் வழி முழுதும் பேசவில்லை. கதிர் பட்ட தோல் வெந்து கறுக்க ஆரம்பித்திருந்தது. ரவிக்கையை விரலால் தூக்கிப் பிடித்தபடி ஜன்னலோடு சாய்ந்திருந்தாள். கதை வேண்டாம் என்றாள். ஆரஞ்சும் வரவில்லை. மேடு ஏறும்போது எஞ்சின் இரைகிற சத்தம் மட்டும். தர்மவதி அதற்கு முன் ஒருநாளும், தங்கை ஏதாவது பேச மாட்டாளா என்று எதிர்பார்த்ததில்லை.

அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே வரும்போதுதான் அவளுக்குப் புத்தி வந்தது. லைனில் இரைச்சல் என்று எத்தனை ஆயிரம் புகார் பார்த்திருக்கிறாள்! இரண்டு பக்கத்து எர்த்தும் சந்தித்துக்கொண்டால் இரைச்சல் சுற்றிச் சுற்றி வரும். நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரைப் போட்டுவிட்டால் இந்தப் பக்கத்துக் கம்பி அந்தப் பக்கத்துக் கம்பியைத் தொடாது, பேச்சு மட்டும் தாண்டிப் போகும். இதை முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "முட்டாளே" என்று தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள். த்ரிசலா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

வீட்டில் இன்டர்நெட்டுக்கு எப்போதோ பயன்படுத்திய பழைய மோடம் ஒன்று இருந்தது. அதை உடைத்து டிரான்ஸ்பார்மரைப் பிடுங்கி, போர்டுக்கும் செட்டுக்கும் நடுவில் மாட்டினாள். வெள்ளிக்கிழமை எண்பது வரை மிதித்தும் கொசு வரவில்லை. பேச்சு மணி மணியாக வந்தது. போளூர் வரைக்கும் தர்மவதியின் தலை சற்று நிமிர்ந்தே இருந்தது.

"அக்கா, இன்னிக்கும் கதையில மனசு நிக்கல. ஒரு பாட்டு போடவா?"

போட்டாள். வீணையும் இல்லை, மிருதங்கமும் இல்லை. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து யாரோ முனகுவது போல இருந்தது. டெலிபோனுக்கென்று செய்த டிரான்ஸ்பார்மர் பேச்சை மட்டும் விடும், மற்றதை வடிகட்டிவிடும்.

"பாடறவருக்கு சளி பிடிச்ச மாதிரி இருக்குதுக்கா" என்றாள் த்ரிசலா. குறையாகச் சொல்லவில்லை. அணைத்துவிட்டுப் பழையபடி ஜன்னலில் சாய்ந்துகொண்டாள்.

பேச்சுக்குத்தானே போட்டேன், பாட்டு யார் கேட்டது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தர்மவதி அதை விழுங்கினாள். அன்று மாலை, த்ரிசலாவை வீட்டில் இறக்கி, சோற்றைப் பிசைந்து கொடுத்து, படுக்கவைத்துவிட்டு, நேராகப் பரசுராமன் கடைக்குப் போனாள்.

"வாங்கம்மா. எஞ்சின் சத்தம் வந்துச்சா?" என்றார் அவர்.

வாழ்க்கையில் அவளிடம் யாரும் இவ்வளவு துல்லியமாகக் கேள்வி கேட்டதில்லை. "வந்துச்சு. நிறுத்திட்டேன். பாட்டுதான் சரியா வரல" என்றாள்.

பரசுராமன் பின்னால் திரும்பி, கொக்கியில் சரமாகத் தொங்கிய பொட்டலங்களில் ஒன்றைக் கழற்றினார். தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டு பக்கமும் ஒயர். "இது மாட்டுங்க. இரைச்சலும் வராது, பாட்டும் கம்மியாவாது. முன்னாடியே கேட்டிருந்தா குடுத்திருப்பனே."

"முன்னாடி நீங்க ஸ்கிரீன காட்டுனீங்க."

"ஸ்கிரீன்தான எல்லாரும் கேக்கறாங்க?" என்றார். பிறகு வண்டிக்கு வந்து, குனிந்து, செட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "யாரும்மா இது செஞ்சது? எந்தக் கடையில?"

"கடையில இது புகையும்னு சொன்னாங்க. அதான் நானே செஞ்சேன்."

பரசுராமன் டார்ச்சை அணைத்தார். "பத்தவெச்சது ஜோரா இருக்குதும்மா" என்றார். தர்மவதி தயாராக வைத்திருந்த பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல், பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் அதைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே அவள் போட்டது போலவே இரண்டு சின்ன டிரான்ஸ்பார்மர்கள். பாட்டுக்கென்று செய்தவை. நான்கு நாள் தன் தலைக்கனத்தோடு மல்லுக்கட்டியதற்கு, கொக்கியில் தொங்கியது விடை.

திங்கட்கிழமை பாட்டு பாட்டாகவே வந்தது. மிருதங்கத்துக்குக் கதவுத் தகரம் அதிர்ந்தது. த்ரிசலா போளூர் வரை கண்ணை மூடிக் கேட்டாள். போளூரில் கண்ணைத் திறந்து, "கதைக்குப் போவலாமா?" என்றாள்.

அதன் பிறகு தினமும் கதைதான். த்ரிசலா வெறுமனே கேட்கிறவள் இல்லை. முப்பது வருடம் பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் சுழித்தவள். கதை சொல்பவர் "மளை பெஞ்சுக்கிட்டிருந்தது" என்றதும் போனைப் பார்த்து, "மழை! மழை! ழகரம் வராதவன் கொலைகாரன எங்க கண்டுபிடிக்கப் போறான்?" என்றாள்.

"எறும்ப மிதிச்சாலே ரெண்டு நாள் வெசனப்படறவ நீ. தினம் ஒரு கொலைய உக்காந்து கேக்கற" என்றாள் தர்மவதி.

"கேக்கறதுதானக்கா. செய்யலையே."

தர்மவதி இந்தக் கதையைக் கேட்பதில்லை. அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். தான் ஓட்டுகிறாளாம், காதில் விழுகிறதாம், விழுவதைத் தடுக்க முடியாதாம். திரும்பும்போது கண்ணமங்கலம் தாண்டியதும் களைப்பில் த்ரிசலா தூங்கிவிடுவாள். உடனே தர்மவதி கைநீட்டி நிறுத்திவிடுவாள். அவள் விழிக்கும் வரை, சந்தவாசலோ போளூரோ, அடுத்த வரி ஓடாது. ஒருநாள் வேங்கிக்கால் வந்த பிறகுதான் விழித்தாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்காகத் தடுப்பு போட்டிருந்தார்கள். வண்டி நகரவில்லை.

"எங்கக்கா விட்டோம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் கேக்கறதே இல்ல."

"சும்மா ஞாபகம் வர்றத சொல்லு."

"சமையக்காரி சாவிய மாவு டப்பாவுல ஒளிச்சு வெச்சா. அத அந்த டிரைவர் பாத்துட்டான். அவன் பாத்தது மேனேஜருக்குத் தெரியாது. ஆனா மேனேஜரு அன்னிக்கு ஊர்லயே இல்லன்னு முன்னாடி சொன்னது பொய்." மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் நடந்துபோகும் கூட்டத்தைப் பார்த்து, "நடக்கறதுக்கு வழியா இல்ல, எல்லாம் நம்ம ரோட்லயேதான் நடக்கணும்" என்று எரிந்து விழுந்தாள்.

இருபத்தைந்து நாளும் முடிந்தபோது கதையில் எட்டு பாகம் மிச்சமிருந்தது. வீட்டில் கேட்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் த்ரிசலா போனை எடுக்கவில்லை, தர்மவதியும் ஞாபகப்படுத்தவில்லை. தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. கை மேலே உயர ஆரம்பித்தது. வாய் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பியது.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தைய வாரம் த்ரிசலா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். தர்மவதி எண்ணூறின் டயருக்குக் காற்று அடித்தாள், எண்ணெய் மாற்றினாள், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள். போகும்போது மூன்று பாகம் கேட்டார்கள். ழகரம் தப்பியபோதுகூட த்ரிசலா திருத்தவில்லை.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். "நல்லா இருக்கீங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

"அவ்ளோதானா?" என்றாள் தர்மவதி, ஏதோ ஏமாற்றிவிட்டார்கள் என்பது போல.

"அவ்ளோதான்மா."

இருவரும் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பிறகு தர்மவதி எஞ்சினைக் கிளப்பினாள். த்ரிசலா கதையைப் போட்டாள். இந்தத் தடவை தூங்கவில்லை. கடைசிப் பாகம் போளூருக்கு முன்னால் ஆரம்பித்தது. தர்மவதி வேகத்தை நாற்பதுக்குக் குறைத்தாள். பின்னால் வந்த பஸ் ஊதி ஊதி அலுத்து முந்திக்கொண்டு போயிற்று.

கொலை செய்தது சமையல்காரி இல்லை. டிரைவர் இல்லை. மேனேஜரும் இல்லை. செத்துப்போன முதலாளிக்கு ஓர் இரட்டைச் சகோதரன் இருந்தானாம். அதுவரை ஒரு பாகத்திலும் அவன் பேர் வரவில்லை. கடைசிக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, "நான்தான்" என்று ஒப்புக்கொண்டான். கதை முடிந்தது.

தர்மவதி வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினாள்.

"இரட்டைப் பிறவியா?"

"இரட்டைப் பிறவியாம்க்கா."

"அறுபது பாகம்! அறுபது பாகம் அந்த சாவிய மாவு டப்பாவுல வெச்சுக்கினு என்னைக் காக்க வெச்சானே! அது எதுக்கு?"

"அதப் பத்தி மூச்சே விடல. சாவி இன்னும் மாவுலயேதான் கெடக்குது."

"படிச்சுப் பாத்துட்டுத்தான் வெளிய விட்டானுங்களா இத?"

"எழுதினவனே படிச்சிருக்க மாட்டான்க்கா. இவனுக்கு நான் பத்தாம் கிளாஸ்ல தமிழ் எடுத்திருந்தா முட்டிபோட வெச்சிருப்பேன்" என்ற த்ரிசலா, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "இதுல கருத்து எழுத எடம் இருக்குது. எழுதட்டா?"

"எழுது. நான் சொல்றேன்."

"நட்சத்திரம் போடணும் மொதல்ல."

"பூஜ்யம் போடு."

"பூஜ்யத்துக்கு எடம் இல்லக்கா. ஒண்ணாவது குடுத்தே ஆவணுமாம்."

"இது என்ன வம்பு? எதுக்காக ஒண்ணு? என்ன செஞ்சுட்டான்னு ஒண்ணு?"

"ரோட்ல வெச்சு நிறுத்தினானே, அதுக்குக் குடுக்கலாம்." த்ரிசலா ஒன்றை அழுத்தினாள். பிறகு தட்ட ஆரம்பித்தாள். "'ஐயா'..."

"ஐயா எதுக்கு அவனுக்கு?"

"எழுத்துல மரியாதை வேணும்க்கா. திட்டுறது அடுத்த வரியில."

லாரிகள் காற்றடித்துக்கொண்டு போயின. தர்மவதி ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். த்ரிசலா ஒவ்வொன்றையும் நல்ல தமிழாக்கி, சந்தி சரிபார்த்து, முற்றுப்புள்ளி வைத்து ஏற்றினாள். பாதியில் போன் அதற்குமேல் எழுத்து ஏற்காது என்றது.

"இதுக்குள்ளயா? இன்னும் மேனேஜரப் பத்தி ஆரம்பிக்கவே இல்லையே" என்றாள் தர்மவதி.

"இத அனுப்பிட்டு, உன் போன்ல இருந்து இன்னொண்ணு எழுதலாம். குடு" என்று த்ரிசலா கையை நீட்டினாள்.